என்ன வேலையில் நின்றது

சிங்காநல்லூரில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் ரஹ்மத் நிஷா கணினிகளுக்குப் பழுது பார்த்து வந்தார். வயது முப்பத்து மூன்று. அவருக்கு ஒரே ஒரு மாணவர். பெயர் வெள்ளியங்கிரி, வயது அறுபத்தொன்று. நூல் மில்லில் முப்பத்தெட்டு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

முதல் நாள் அவர் மாணவராக வரவில்லை. ஒரு கணினிப் பெட்டியைப் போர்வையில் சுற்றித் தோளில் சுமந்து மாடி ஏறினார். ஒண்டிப்புதூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்.

“என்னங்ணா பிரச்சினை?” என்று நிஷா கேட்டார்.

“எப்பவாவது நின்னு போகுதுங்க அம்மிணி. படம் அப்படியே நிக்கும். மவுஸ் நகராது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாத்தான் உசுரு வரும்.”

“எப்பவாவதுன்னா எப்ப?”

“அது தெரிஞ்சா நான் எதுக்குங்க இதைச் சுமந்துட்டு வர்றேன்?”

நிஷா பெட்டியைத் திரையோடு இணைத்தார். கணினி முழுதாக எழும் முன் வருகிற பயாஸ் திரையில் நிறுத்தி, எண்களைப் படித்தார்.

“ஓவர்கிளாக் பண்ணியிருக்கு. கம்பெனி சொன்ன வேகத்தைவிடக் கூட்டி ஓட்டறது.”

“தெரியுமுங்க. மில்லுல ஸ்பிண்டில் வேகத்தைக் கூட்டற மாதிரி.”

“யார் பண்ணினது?”

“பையன்.”

“அவரை ஒரு தடவை வரச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷம் பேசினாப் போதும்.”

வெள்ளியங்கிரி போர்வையை மடித்தார். நான்காக மடித்து, அதை எட்டாக மடித்தார்.

“போன ஆடியில போயிட்டானுங்க.”

கீழே சைக்கிள் கடையில் யாரோ மணியை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றதும் நிஷா திரையைக் காட்டினார்.

“இந்த மாதிரி நின்னு போறதுக்கு முதல் வைத்தியம் ஒண்ணுதான் அண்ணா. வேகத்தைக் கூட்டினது, குறைச்சது எல்லாத்தையும் அழிச்சிட்டு, கம்பெனி அனுப்பின நிலைக்குக் கொண்டு போறது. அதுக்கப்புறமும் நின்னா வேற பழுது. நிக்கலைன்னா—”

“அது வேண்டாமுங்க.”

“ஏன்?”

அவர் திரையில் ஒரு இடத்தில் விரல் வைத்தார். அமைப்புகளை மொத்தமாகச் சேமித்து, அதற்கு ஒரு பெயர் சூட்டி வைக்கலாம். பையன் சூட்டியிருந்த பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது. அப்பா தொடாதே.

“வீட்ல ஃபேன், மிக்ஸி, டிவி எது கிடைச்சாலும் நான் கழட்டிப் போட்டுருவனுங்க. அதுக்காக வெச்ச பேரு” என்றார். சிரிக்க முயன்றார்.

“அப்ப நான் என்ன செய்யணும்?”

“அதைத் தொடாமச் சரி பண்ணித் தரோணும். வேகம் அவன் வெச்சது. எல்லாமே அவன் வெச்சது. அப்படியே ஓடோணும்.”

“அப்படி முடியுமான்னு தெரியாது. மாசக்கணக்குல ஆகும். எனக்கு அவ்வளவு நேரம் இல்லைங்ணா.”

“எனக்கு இருக்குதுங்க” என்றார் வெள்ளியங்கிரி. “கத்துக் குடுங்க.”

*

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார். மாலை ஐந்து வரை இருந்தார். அதன்பிறகு ஞாயிறு தவிர எல்லா நாளும் அப்படித்தான். மூன்றாம் நாளிலிருந்து “அம்மிணி” என்று கூப்பிடுவதை நிறுத்தினார். “டீச்சரம்மா” என்றார். நிஷா அதை மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

முதல் பாடமாக நிஷா ஒரு கதை சொன்னார்.

“ஒரு பல் டாக்டரோட கிளினிக்ல கம்ப்யூட்டர் எப்பவாவது அணைஞ்சு போகும். மூணு பேர் வந்து மூணு பார்ட்ஸ் மாத்தினாங்க. அணையறது நிக்கலை. நான் போய் ஒரு நாள் முழுக்க அங்கேயே உக்காந்திருந்தேன்.”

“என்னத்தைப் பார்த்தீங்க?”

“குழந்தைங்களை. அழற குழந்தை வந்தா மட்டும்தான் அணைஞ்சுது. நாற்காலியில உக்காந்து காலை உதைக்கும். நாற்காலிக்குப் பின்னாடிதான் பிளக்கு.”

வெள்ளியங்கிரி வாய்விட்டுச் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தது அவருக்கே புதிதாக இருந்தது. சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

“எப்பவாவதுன்னு ஒண்ணு கிடையாதுங்ணா” என்றார் நிஷா. “நமக்குத் தெரியாத நேரம். அவ்வளவுதான்.”

பிறகு ஒரு நீள நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து நான்கு கட்டங்கள் போட்டுக் கொடுத்தார். நின்ற தேதியும் நேரமும். என்ன வேலையில் நின்றது. எத்தனை மணி நேரம் ஓடியபின் நின்றது. கடைசியாக என்ன மாற்றினோம்.

“ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும். பத்து நாள் வீட்ல ஓட்டணும். நின்னா எழுதணும். ரெண்டை ஒண்ணா மாத்தினா, சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது.”

“மில்லுலயும் அப்படித்தானுங்க. ரிஜிஸ்டர் எழுதியே தேய்ஞ்ச கை இது” என்று வெள்ளியங்கிரி நோட்டை வாங்கிக்கொண்டார்.

*

நல்ல மாணவர். ஸ்க்ரூவைத் தொலைக்கவில்லை. கழற்றிய வரிசையில் துணி விரித்து அடுக்குவார். கை நடுக்கமில்லை. கல்யாண வீடியோ எடுக்கும் லாரன்ஸ் மாதம் ஒருமுறை தன் கணினியைத் தூக்கிக்கொண்டு வருவார். அவருக்கு வெள்ளியங்கிரியைக் கண்டால் வாய் சும்மா இருக்காது.

“ஏனுங்ணா, ரிட்டயர் ஆனவங்க மருதமலைக்குப் போவாங்க. நீங்க பாடம் படிக்க வர்றீங்க. பரீட்சை எப்ப?”

“உன்ற பெட்டியைத் திறக்கறதுதான் தம்பி பரீட்சை. போன தடவை உள்ளே பல்லி முட்டை இருந்துது.”

“அது வாடகைக்கு விட்டதுங்ணா.”

“வாடகையாவது ஒழுங்கா வருதா?” என்றார் நிஷா, தலை நிமிராமல்.

லாரன்ஸ் போனபிறகு வெள்ளியங்கிரி தன் பெட்டிக்குத் திரும்புவார். அது மேசையின் ஓரத்தில் இருக்கும், அல்லது பத்து நாள் சோதனைக்காக வீட்டில் இருக்கும்.

முதலில் தூசியைத் தட்டினார்கள். பத்து நாள். பிறகு சிப்பின் மேல் பூசுகிற பசையை மாற்றினார்கள். பத்து நாள். நினைவகச் சில்லுகளை இருபது மணி நேரம் சோதித்தார்கள். ஒரு பிழையும் இல்லை. மின்சாரம் கொடுக்கும் பெட்டியை மாற்றினார்கள். வயர்களை மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் அவர் அதைப் போர்வையில் சுற்றிக்கொண்டு போனார், சுற்றிக்கொண்டு வந்தார்.

ஒரு நாள் கேட்டார்.

“டீச்சரம்மா, ஒரு பாகம் கெட்டுப் போச்சுன்னு எப்படிங்க முடிவு பண்றது?”

“நல்லதுன்னு தெரிஞ்ச ஒண்ணை அந்த இடத்துல மாட்டிப் பார்க்கணும். அதோட ஓடினா, பழையது கெட்டது.”

வெள்ளியங்கிரி கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்தார்.

“எல்லாத்துக்கும் அப்படி இன்னொண்ணு கிடைக்குமுங்களா?”

“எல்லாத்துக்கும் கிடைக்காது” என்றார் நிஷா.

*

பையனின் பெயர் கோகுல். கட்டட வரைபடத்தை வாங்கி, அந்த வீடு கட்டி முடிந்தால் எப்படி இருக்கும் என்று வீடியோவாகச் செய்து கொடுப்பது அவன் தொழில். கடைசியாகச் செய்தது திருப்பூரில் யாரோ கட்டப்போகிற வீடு. கதவு திறக்கும். காமிரா கூடத்தில் நடந்து, படி ஏறி, மொட்டை மாடிக்குப் போகும். மாடிக்கு மேலே வானம் இன்னும் போடவில்லை. அந்த இடம் சாம்பல் நிறமாக இருந்தது.

நாற்பது வினாடி வீடியோ. அதைக் கணினி முதலிலிருந்து வரைந்து முடிக்க ஆறு மணி நேரம் ஆகும். மொத்தப் பளுவும் ஏறும். வெள்ளியங்கிரி கடைக்குக் கிளம்பும் முன் அதை ஓட விட்டு வருவார். மாலையில் போனதும் அது முடிந்திருக்கும். திரும்ப ஓட விடுவார்.

“பளு ஏத்தினாத்தானுங்க பழுது தெரியும். சும்மா நிக்கிற மெஷின்ல என்ன தெரியும்?” என்றார்.

அந்தப் பேச்சு நிஷாவுக்கும் சரியாகவே பட்டது. அவரும் அப்படித்தான் சோதித்துக்கொண்டிருந்தார். பளு ஏற்றும் சோதனைகள் ஒன்றுக்கு மூன்றாக இருந்தன. மூன்றிலும் கோகுலின் கணினி தேறியது. சூடு எண்பத்திரண்டு டிகிரியைத் தாண்டவில்லை.

*

ஏழாம் மாதம் ஒரு புதன்கிழமை. பெட்டி வீட்டிலிருந்து அன்று காலைதான் திரும்பி வந்திருந்தது. நிஷா நோட்டை வாங்கிப் புரட்டினார்.

“ஏழு மாசத்துல ரெண்டே வரிதான் இருக்கு.”

“ஆமாங்க.”

“ரெண்டு தடவைதான் நின்னுதா? அப்ப கிட்டத்தட்டச் சரியாயிடுச்சேண்ணா.”

“இல்லைங்க டீச்சரம்மா. நின்னுக்கிட்டேதான் இருக்குது.”

“பின்னே ஏன் எழுதலை?”

வெள்ளியங்கிரி நோட்டின் மேல் குனிந்து விரலை வைத்துக் காட்டினார்.

“இந்த ரெண்டாவது கட்டங்க. என்ன வேலையில் நின்றது. அதுல எழுத ஒண்ணும் இல்லைங்க. வீடியோ முடிஞ்சிருக்கும். வேற ஒண்ணும் ஓடாது. கட்டத்தைக் காலியா விட்டு ரிஜிஸ்டர் எழுதினா மில்லுல சூப்பர்வைசர் கிழிச்சு மூஞ்சியிலயே வீசுவாருங்க. அதனால அந்த வரியையே விட்டுட்டேன்.”

நிஷா நோட்டை மூடவில்லை. வெறும் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றைப் போட்டது அவர் கைதான்.

“அந்த மாதிரி நின்னதை நீங்க பார்த்தீங்களா?”

“நான் ரெண்டு மூணு பார்த்திருப்பேன். மத்ததெல்லாம் வீட்டுக்காரி பார்த்தா.”

“அக்காவுக்குப் போன் போடுங்க.”

வெள்ளியங்கிரியின் மனைவி தெய்வானை. நிஷா அதுவரை அவருடன் பேசியதில்லை. போனை மேசை மேல் வைத்து, சத்தத்தைக் கூட்டினார்கள்.

“அக்கா, நான் கம்ப்யூட்டர் கடை நிஷா. வீட்ல இருக்கும்போது அது எத்தனை தடவை நின்னுதுன்னு ஞாபகம் இருக்குங்களா?”

“பத்தொன்பது தடவைங்க.”

பதில் உடனே வந்தது. வெள்ளியங்கிரி போனைப் பார்த்தார்.

“எப்படிங்க்கா அவ்வளவு சரியாச் சொல்றீங்க?”

“தினசரிக் காலண்டர் தாளுக்குப் பின்னாடி எழுதி வெச்சிருக்கனுங்க. இருங்க, எடுக்கறேன்.” தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. “தை ஏழு, மத்தியானம் மூணரை. அவரு கடைக்கு வந்திருந்தாரு. தை பதினெட்டு, அவரு குளிக்கப் போனப்ப. மாசி ரெண்டு, சாயங்காலம். டீக்குப் போனப்ப. எல்லாம் இப்படித்தானுங்க. வீடு சுத்திக் காட்டற படம் ஓடி முடியும். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, மூலையில மணி காட்டும் பாருங்க, அது நின்னுக்கும்.”

“நீங்க அங்கேயேதான் இருப்பீங்களா?”

“அந்த ரூம்லதானுங்க உக்காந்திருப்பேன்.”

“அண்ணன்கிட்டச் சொல்லலையா?”

“சொன்னனுங்க. என்ன வேலை ஓடிட்டிருந்துதுன்னு கேட்டாரு. ஒண்ணும் ஓடலை, சும்மா இருந்துதுன்னேன். சும்மா இருக்கறது எப்படி நிக்கும்னாரு.”

*

நிஷா கணினியைப் போட்டார். எந்த வேலையும் கொடுக்கவில்லை. திரையில் ஒரு மூலையில் மணி மட்டும் ஓடியது. வினாடியும் தெரிந்தது.

“உக்காருங்கண்ணா. கையை மடியில வெச்சுக்கங்க. எதையும் தொடக் கூடாது.”

“எவ்வளவு நேரமுங்க?”

“சும்மா உக்காருங்க.”

நான்காவது நிமிடத்தில் வெள்ளியங்கிரியின் கை மவுஸுக்குப் போனது. லேசாக அசைத்தார்.

“அண்ணா.”

“திரை அணைஞ்சுருமோன்னு பார்த்தனுங்க.”

“அணையாது.”

இன்னும் ஆறு நிமிடம். இந்த முறை விசைப்பலகையில் ஒரு தட்டு.

“தூசி இருந்துதுங்க.”

நிஷா எழுந்து வந்து மவுஸின் வயரைப் பிடுங்கினார். விசைப்பலகையின் வயரைப் பிடுங்கினார். இரண்டையும் சுருட்டி டிராயரில் போட்டுச் சாத்தினார்.

வெள்ளியங்கிரி வெறுங்கையோடு உட்கார்ந்தார். ஓடாத இயந்திரத்தின் முன் கை கட்டி உட்கார்ந்தவனுக்கு மில்லில் மெமோ கொடுப்பார்கள். முப்பத்தெட்டு வருடத்தில் அவர் ஒரு மெமோ வாங்கியதில்லை. முதலில் கால் ஆடியது. பிறகு அது நின்றது. ஒரு பெண் மகளின் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போனார். லாரன்ஸ் எட்டிப் பார்த்து, என்னவோ சொல்ல வாயெடுத்து, நிஷாவின் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

பன்னிரண்டு முப்பத்தேழு, பதினான்கு வினாடி.

அடுத்து பதினைந்து வரவில்லை.

வெள்ளியங்கிரி காத்திருந்தார். சுவரில் இருந்த கடிகாரம் ஓடியது. திரையில் பதினான்கு அப்படியே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. உள்ளே விசிறிகள் சுற்றிக்கொண்டேதான் இருந்தன. பெட்டியின் மேல் கை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

“டீச்சரம்மா” என்றார். “நின்னுருச்சுங்க.”

*

நிஷா விசைப்பலகையை டிராயரிலிருந்து எடுத்து மாட்டி, கணினியை மறுபடி எழுப்பி, பயாஸ் திரைக்குக் கொண்டுவந்தார். ஒரு வரியைக் காட்டினார்.

“உங்க பையன் வேகத்தைக் கூட்டினார். அதுல தப்பில்லை. கூட்டினா சூடாகும். அதுக்காக வோல்டேஜைக் கொஞ்சம் குறைச்சிருக்கார். மைனஸ் எண்பது மில்லிவோல்ட்.”

“ஓட்டு வீடுங்க. சித்திரையில அந்த ரூம்ல நிக்க முடியாது.”

“யோசிச்சுத்தான் செஞ்சிருக்கார். வேலை இருக்கும்போது போர்டு தனக்கு வேணுங்கறதைக் கூட்டி வாங்கிக்கும். அதனால எந்தப் பளுவையும் தாங்கும். வேலை இல்லாதப்ப வோல்டேஜ் தானாவே குறையும். அது எல்லாக் கம்ப்யூட்டர்லயும் குறையறதுதான். இதுல அந்தக் குறைச்சலோட இந்த எண்பதும் சேருது. சில சமயம் தாங்கற அளவுக்கும் கீழே போயிடுது.”

“பளுவால இல்லைங்களா?”

“பளுவால இல்லை.”

“அத்தனை டெஸ்ட்லயும் பாஸாச்சேங்க.”

“எல்லா டெஸ்ட்டும் பளு ஏத்தற டெஸ்ட்டுதாங்ணா. நானும் அதைத்தான் செஞ்சேன். அது சும்மா இருக்கும்போது யாரும் உக்காந்து பார்க்கலை.”

அவர் உடனே திருத்திக்கொண்டார்.

“அக்கா பார்த்தாங்க.”

வெள்ளியங்கிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மைனஸ் எண்பது. அதன்மேல் ஒரு வெளிச்சக் கட்டம் நின்றது. எண்ணை மாற்றலாம், விடலாம்.

“வேகத்தைத் தொட வேண்டாம்” என்றார் நிஷா. “இதை மட்டும் எண்பதுலயிருந்து முப்பதாக்கினாப் போதும்.”

“பேரு போயிருங்களா?”

“பேர் அப்படியே இருக்கும். உள்ளே ஒரு எண் மாறும்.”

“மாறினா அப்புறம் அது அவன் வெச்சது இல்லைங்களே.”

“இல்லை.”

நிஷா அப்படித்தான் சொல்வார் என்று தெரிந்து கேட்டவர்போல வெள்ளியங்கிரி தலையசைத்தார். நிஷா விசைப்பலகையைத் தன் பக்கமிருந்து எடுத்தார். அவர் முன்னால் வைத்துவிட்டு, வேறு மேசைக்குப் போய் வேறு வேலையைப் பார்த்தார்.

சாப்பாட்டு நேரம் கடந்தது. வெள்ளியங்கிரி டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

இரண்டு மணிக்கு மேல் விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. பிறகு இன்னொன்று.

“தொட்டுட்டனுங்க” என்றார்.

*

வியாழன், வெள்ளி, சனி, திங்கள். நான்கு நாளும் வெள்ளியங்கிரி பத்து மணிக்கு வந்து அந்தக் கணினியின் முன் உட்கார்ந்தார். அதற்கு வேலை கொடுக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார். மூலையில் வினாடி ஓடுவதைப் பார்த்தார். ஐந்து மணிக்கு எழுந்து போனார். கணினி ஒருமுறையும் நிற்கவில்லை.

திங்கள் மதியம் லாரன்ஸ் வந்தார்.

“என்னங்ணா இது, சும்மா இருக்கற கம்ப்யூட்டருக்கு வாட்ச்மேன் வேலையா?”

வெள்ளியங்கிரி திரும்பவில்லை. லாரன்ஸ் சிறிது நேரம் நின்றார். பிறகு, “டீ சொல்லட்டுங்களா?” என்று தணிந்த குரலில் கேட்டார். வேண்டாம் என்று வெள்ளியங்கிரி கையைக் காட்டினார். லாரன்ஸ் தன் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்.

“டீச்சரம்மா” என்றார் வெள்ளியங்கிரி. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. “ஒண்ணு கேக்கோணும்.”

“கேளுங்க.”

“காலேஜ்ல கடைசி வருஷம் படிக்கறப்ப, கிரவுண்டுல ஓடும்போது மயங்கி விழுந்துட்டானுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் முதல்ல அதைத்தான் கேட்டாரு. என்ன செஞ்சிட்டிருக்கும்போது மயக்கம் வந்துதுன்னு. ஓடிட்டிருந்தப்பன்னு நான் சொன்னேன்.”

நிஷா கையிலிருந்த, ஈயம் பற்றவைக்கும் கோலை அதன் தாங்கியில் வைத்தார்.

“தெய்வானை பக்கத்துல இருந்தா. படுத்திருக்கும்போதும் ரெண்டு தடவை ஒரு மாதிரி ஆயிட்டானுங்கன்னு மெதுவா ஆரம்பிச்சா. நான் அவ கையைப் புடிச்சு அமுத்தினேன். படுத்திருந்தா அது தூக்கம், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னேன். டாக்டர் குனிஞ்சு எழுதிட்டிருந்தாருங்க. அவர் காதுல விழலை.”

“அப்புறம்?”

“ஓடற மெஷின் மேல ஏத்தி ஓட விட்டாங்க. பதினொரு நிமிஷம் ஓடினானுங்க. வேகத்தைக் கூட்டக் கூட்ட ஓடினான். இறங்கி வந்து, என்னப்பா உங்க மில்லு மெஷினைவிட நான் நல்லா ஓடறனான்னு கேட்டான். ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்தாங்க. வர்ற வழியில லட்டு வாங்கிட்டு வந்தோம்.”

வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“அதுக்கப்புறம் பதினாலு மாசங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தான். வேலை அதிகம், ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சான், அதனாலதான்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சுட்டிருந்தேன். போன புதன்கிழமை வரைக்கும் அப்படித்தானுங்க நினைச்சுட்டிருந்தேன்.”

நிஷா எழுந்து வந்து அவருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“அவ சொன்னது அன்னைக்கு டாக்டர் காதுல விழுந்திருந்தா, பொழைச்சிருப்பானுங்களா?”



“தெரியலைங்ணா.”

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்.”

“எனக்கு இந்தப் பெட்டி மட்டும்தான் தெரியும்.”

வெள்ளியங்கிரி தலையாட்டினார். இருவரும் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். கீழே சைக்கிள் கடையில் காற்றடிக்கும் சத்தம் வந்து ஓய்ந்தது.

“அக்கா அதைப் பத்தி உங்ககிட்டக் கேட்டிருக்காங்களா?” என்றார் நிஷா.

“ஒரு வார்த்தை கேக்கலைங்க. சண்டை போட்டிருந்தாக்கூடத் தேவலை. சமைச்சு வெக்கறா, டிபன் கட்டித் தர்றா. ஒரு வார்த்தை கேக்கலை.”

“அன்னைக்கு மத்தியானம் முதல்ல பார்த்தது யாரு?”

“அவதானுங்க. டீ குடிக்க எழுப்பப் போனா.”

நிஷா திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினார்.

“இந்நேரத்துக்கு அக்கா என்ன செஞ்சிட்டிருப்பாங்க?”

வெள்ளியங்கிரி நேரம் பார்த்தார். மூன்றே கால்.

“வேலையெல்லாம் முடிஞ்சிருக்குமுங்க. சும்மா உக்காந்திருப்பா.”

“கூட யாரு?”

“யாருமில்லைங்க.”

“அப்புறம் நீங்க இங்க என்னங்ணா பண்றீங்க?”